புது கேஸ் கம்ப்ரசரை முதல் தடவை ஓட்டுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி: நவம்பர் 4, 2024, காலை

மயிலாடுதுறை பக்கம் ஒரு கேஸ் ஸ்டேஷனில் மெக்கானிக்கல் பார்க்கிறேன். புது ரெசிப்ரோகேட்டிங் கம்ப்ரசர் வந்து உட்கார்ந்திருக்கிறது. நாலு சிலிண்டர், ரெண்டு ஸ்டேஜ், மோட்டார் டிரைவ். கிரவுட் செட் ஆகிவிட்டது, அலைன்மெண்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்தும் ஆகிவிட்டது, ஆயில் ஊற்றியாச்சு. கம்பெனியின் சர்வீஸ் ஆள் வர இன்னும் ரெண்டு வாரம் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டாம், வெள்ளிக்கிழமையே கேஸ் ஏற்றி ஓட்டிவிடலாம் என்று மேலிருந்து சொல்கிறார்கள். அனுபவம் உள்ள அண்ணன்கள் சொல்லுங்கள், எதை விட்டுவிடக் கூடாது?

பதில்: நவம்பர் 4, 2024, மதியம்

தம்பி, வெள்ளிக்கிழமை வேண்டாம். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: சக்ஷன் (கேஸ் உள்ளே வரும் பக்கம்) ஸ்க்ரப்பருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் பைப்பின் உள்பக்கத்தை யார் பார்த்தது?

அலைன்மெண்டுக்கு ரிப்போர்ட் இருக்கும், கிரவுட்டுக்கு க்யூப் டெஸ்ட் இருக்கும், வெல்டுக்கு ஃபிலிம் இருக்கும். அந்தச் சின்னத் துண்டு பைப்புக்கு மட்டும் பெரும்பாலும் எந்தத் தாளும் இருக்காது. லைனிலிருந்து வரும் மண்ணையும் தண்ணீரையும் ஸ்க்ரப்பர் பிடித்துக்கொள்ளும். அதைத் தாண்டி இருக்கும் ஸ்பூல் (ரெண்டு முனையிலும் ஃபிளேஞ்ச் வைத்த பைப் துண்டு), பல்சேஷன் பாட்டில் (கேஸின் துடிப்பை அடக்கும் கலன்), சிலிண்டர் நாசில் இவற்றுக்குள் கிடப்பதைப் பிடிக்க ஒன்றுமே கிடையாது. அங்கே கிடக்கும் வெல்டிங் கசடு, கிரைண்டிங் தூள், பிளாஸ்டிங் மணல் எல்லாம் முதல் சுற்றிலேயே நேராக வால்வுத் தட்டில் போய் விழும். தட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு கசடு மாட்டினால் வால்வு மூடாது. மூடாத வால்வு வழியாக அழுத்தின கேஸ் திரும்பி வரும், அந்த சிலிண்டர் சூடாகும், தட்டு உடையும், உடைந்த துண்டு பிஸ்டனுக்கு மேலே விழும். மணலாக இருந்தால் சத்தமே இல்லாமல் ரிங்கையும் போரையும் தேய்த்து முடித்துவிடும்.

அந்த ஸ்பூல்களை இறக்குங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், கை போகும் இடமெல்லாம் கையை விட்டுத் தடவுங்கள். வெல்டின் உள்பக்க விளிம்பில் விரல் நகத்தால் சுரண்டினால் கசடு வருகிறதா என்று தெரிந்துவிடும். ஹைட்ரோ டெஸ்டுக்கு (தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கும் சோதனை) விட்ட தண்ணீர் பாட்டிலின் அடியில் தேங்கி, செம்மண் குழம்பு மாதிரி துரு பிடித்துக் கிடப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வெளியே பளபளவென்று பெயிண்ட் அடித்திருக்கும்.

அப்புறம் ஒவ்வொரு சிலிண்டர் சக்ஷன் நாசிலுக்கும் முன்னால் தற்காலிகமாகக் கூம்பு ஸ்ட்ரெய்னர் போடுங்கள். முன்னும் பின்னும் பிரஷர் டேப்பிங் இருக்க வேண்டும். அடைத்துக்கொள்வது டி.பி. கேஜில் (முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பிரஷர் வித்தியாசம்) தெரியாவிட்டால், ஒரு கட்டத்தில் ஸ்ட்ரெய்னரே கிழிந்து சிலிண்டருக்குள் போகும்.

நவம்பர் 4, 2024, இரவு

அலைன்மெண்ட் ரிப்போர்ட் பற்றி ஒன்று. அந்த ரீடிங் எடுத்தபோது பைப் பூட்டியிருந்ததா, பூட்டாமல் இருந்ததா? மெஷினைத் தனியாக வைத்து அலைன் செய்துவிட்டு, பிறகு ஃபிளேஞ்சை செயின் பிளாக் போட்டு இழுத்து போல்ட் ஏற்றுவது நம் ஊர்ப் பழக்கம். அப்படிச் செய்திருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. கப்ளிங்கில் டயல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபிளேஞ்சாக இறுக்குங்கள். ஏ.பி.ஐ. (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்) 686 தரவிதி சொல்லும் எல்லை 0.05 மி.மீ. முள் அதைத் தாண்டினால் பைப்பை வெட்டித் திரும்பப் பொருத்த வேண்டியதுதான். சாஃப்ட் ஃபுட்டுக்கும் (மெஷினின் கால் அடியில் சரியாக உட்காமல் தூக்கி நிற்பது) அதே 0.05. ஃபிளேஞ்சை இறக்கத்தான் போகிறீர்கள், திரும்ப ஏற்றும்போது ரெண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

நவம்பர் 6, 2024

தம்பி பதில் போட்டிருக்கிறார்: ரெண்டு ஸ்பூல் இறக்கியதில் ஒன்றில் எலெக்ட்ரோடு துண்டு, இன்னொன்றில் கைப்பிடி அளவு துரு. மேலிருந்தவர்களிடம் அதை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டிக் காட்டியதும் வெள்ளிக்கிழமைப் பேச்சு அடங்கிவிட்டதாம். நல்ல வேலை செய்தீர்கள். எத்தனை மெயில் போட்டாலும் அந்தத் துணி பேசுகிற மாதிரி பேசாது.

இப்போது ஆயில். "ஊற்றியாச்சு" என்பது ஆரம்பம் மட்டும்தான். இந்த வகை மெஷினில் ஆயில் ரெண்டு தனி வழியில் போகிறது. ஒன்று ஃப்ரேம் ஆயில்: கிராங்க் பேரிங், கனெக்டிங் ராட், கிராஸ்ஹெட் எல்லாவற்றுக்கும் பம்ப் மூலம் போவது. இன்னொன்று சிலிண்டருக்கும் ராட் பேக்கிங்குக்கும் சொட்டுச் சொட்டாகப் போகும் ஃபோர்ஸ் ஃபீட் லூப்ரிகேட்டர்.

ஃப்ரேம் பக்கம்: கிராங்க்கேஸ் கவர்களைத் திறந்து அடியைத் துடையுங்கள். நூல் பிரியாத துணி வேண்டும், பஞ்சு வேஸ்ட் வேண்டவே வேண்டாம். ஃபில்டர் புதிதா, ஃபில்டருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் இருக்கும் பைப் சுத்தமா என்று பாருங்கள். முன்னே சொன்ன அதே கதைதான், கடைசி ஃபில்டரைத் தாண்டிய பைப்புக்குக் காவல் கிடையாது. கவர் திறந்திருக்கும்போதே ப்ரீ-லூப் பம்பை (ஸ்டார்ட்டுக்கு முன்பே ஆயில் அனுப்பும் பம்ப்) ஓட்டி, ஒவ்வொரு பேரிங்கிலும் கிராஸ்ஹெட்டிலும் ஆயில் வழிகிறதா என்று கண்ணால் பாருங்கள். அந்த நேரத்தில் ஷாஃப்ட்டை பார் போட்டுக் கையால் ரெண்டு மூணு சுற்று சுற்றுங்கள். எங்காவது இறுக்கமாக வந்தால் ஏன் என்று தெரியாமல் மேலே போகாதீர்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் ரெண்டு முனையிலும் பிஸ்டன் எண்ட் கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் சிலிண்டர் முனைக்கும் உள்ள இடைவெளி), ராட் ரன்-அவுட் (ராட் நேர்கோட்டிலிருந்து விலகும் அளவு) இரண்டையும் அந்தச் சுற்றிலேயே அளந்து எழுதிவிடலாம்.

பிரஷருக்கு உங்கள் கையேடுதான் வேதம். ஒரு அளவு தெரியட்டும் என்று சொல்கிறேன்: ஏரியல் கம்பெனி கம்ப்ரசர்களில் ஓடும்போது ஆயில் பிரஷர் 60 பி.எஸ்.ஐ. பக்கம் இருக்கும், 45க்குக் கீழே இறங்கினால் நின்றுவிட வேண்டும். ஆயில் சூட்டையும் கவனியுங்கள். ரொம்ப நேரம் குளிர்ந்த ஆயிலிலேயே ஓடினால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போகாது.

லூப்ரிகேட்டர் பக்கம்தான் பலர் ஏமாறுவது. டேங்கில் ஆயில் இருக்கும், பம்ப் நன்றாக இருக்கும், ஆனால் அந்த மெல்லிய ட்யூப் முழுக்கக் காற்று. அப்படியே ஸ்டார்ட் செய்தால் ஆயில் போய்ச் சேர்வதற்குள் பேக்கிங்கும் ரிங்கும் காய்ந்தே ஓடும். ஒவ்வொரு ட்யூபையும் சிலிண்டர் முனையில், செக் வால்வுக்கு முன்னால் கழற்றுங்கள். கை பம்ப் வைத்து அடியுங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழும் ஆயிலும் கலந்து வரும், கடைசியில் குமிழே இல்லாமல் சொட்டும். அதைப் பார்த்த பிறகு பூட்டி, ட்யூபில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

புது மெஷினுக்கு முதல் 200 மணி நேரம் சாதாரண அளவைப் போல ரெண்டு மடங்கு ஆயில் கொடுக்கச் சொல்வார்கள். அது முடிந்ததும் குறைக்க மறக்கக் கூடாது. அதிக ஆயிலும் வால்வில் ஒட்டிக்கொண்டு தொந்தரவு கொடுக்கும்.

நவம்பர் 7, 2024

அளவு சரியா என்று எப்படித் தெரியும் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பழைய ஆட்களின் சிகரெட் பேப்பர் முறை இன்றும் கையேடுகளில் இருக்கிறது. கொஞ்ச நேரம் ஓடிய பிறகு நிறுத்தி, பிரஷர் இறக்கி, லாக் போட்டு, வால்வைக் கழற்றி, மெழுகு பூசாத ரெண்டு தாளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, சிலிண்டர் சுவரின் மேல்பக்கத்தில் வளைவோடு லேசாகச் சுமார் 20 டிகிரி அளவுக்குத் துடையுங்கள். சுவரைத் தொட்ட தாள் நனைந்து, இரண்டாவது தாள் நனையாமல் இருந்தால் சரியான அளவு. ரெண்டும் நனைந்தால் அதிகம். முதல் தாளே திட்டுத் திட்டாக இருந்தால் குறைவு. மேல், கீழ், பக்கவாட்டு எல்லா இடத்திலும் பார்க்க வேண்டும்.

நவம்பர் 8, 2024

"கேஸ் ஏற்றுவதற்கு முன் காற்றிலேயே ஓட்டிப் பார்க்கலாமா?" என்று தனியாகக் கேட்டவருக்கு இங்கேயே எழுதுகிறேன், எல்லாருக்கும் உதவும்.

வால்வுகளோடு, பிரஷர் ஏற்றி, காற்றில் ஓட்டாதீர்கள். சிலிண்டரில் மினரல் ஆயில் இருக்கிறது, அழுத்தின காற்று சூடாக இருக்கிறது. நெருப்புக்கு வேறென்ன வேண்டும்? பெரிய, மெதுவாக ஓடும் மெஷின்களில் வால்வுகளைக் கழற்றிவிட்டு, துளைகளுக்கு வலை போட்டு, வெறும் மெக்கானிக்கல் ரன் எடுப்பார்கள். அங்கே அழுத்தமே நடக்காது என்பதால் அது வேறு விஷயம். உங்கள் மெஷினுக்கு அது ஏற்றதா என்பதைக் கையேடு சொல்லட்டும்.

நைட்ரஜனில் ஓட்டலாம், பாதுகாப்பானது. ஆனால் நைட்ரஜன் இயற்கை எரிவாயுவை விட அதிகமாகச் சூடாகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கேஸின் 'கே' மதிப்பு (அழுத்தும்போது எவ்வளவு சூடாகும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) சுமார் 1.27, நைட்ரஜனுக்கு 1.4. 30 டிகிரியில் உள்ளே போய் மூன்று மடங்கு அழுத்தப்பட்டால் கணக்குப்படி கேஸ் சுமார் 110 டிகிரியில் வெளியே வரும். நைட்ரஜன் 140ஐத் தாண்டும். ஏ.பி.ஐ. 618 டிசைனுக்கு வைக்கும் எல்லையே 150 டிகிரிதான். அதனால் நைட்ரஜனில் ரீசைக்கிள் வால்வை (வெளியே வந்த கேஸைத் திரும்ப சக்ஷனுக்கு விடுவது) நன்றாகத் திறந்து வைத்து, அழுத்தும் மடங்கைக் குறைத்து, கூலர் ஃபேன் ஓடுவதை உறுதி செய்துகொண்டு ஓட்டுங்கள். டிஸ்சார்ஜ் டெம்பரேச்சர் (வெளியே வரும் கேஸின் சூடு) ஏறி ட்ரிப் ஆனால், அதாவது மெஷின் தானாக நின்றால், மெஷினைத் திட்ட வேண்டாம்.

நைட்ரஜனோ கேஸோ, பர்ஜ் வேலையை அரைகுறையாக விடாதீர்கள். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் பற்றும். உள்ளே இருக்கும் காற்றை நைட்ரஜனால் வெளியேற்றி, ஆக்சிஜன் 2 சதவீதத்துக்குக் கீழே வந்ததை மீட்டரில் பார்த்த பிறகு கேஸ் விடுங்கள். ஒரே ஒரு வென்ட்டில் அளந்துவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். பைபாஸ் லைன், ஸ்க்ரப்பர் டிரெயின், ரிலீஃப் வால்வின் முன் லைன் மாதிரி முட்டுச் சந்துகளில்தான் காற்று தங்கும்.

நைட்ரஜனை ஷெட்டுக்குள் விடாதீர்கள். வாசனை இல்லை, எச்சரிக்கை இல்லை, ஆள் அப்படியே மயங்கி விழுந்துவிடுவார். பாய்லர் சூட் பாக்கெட்டில் ஆக்சிஜன் மீட்டர் இருக்கட்டும், 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் எல்லாரும் வெளியே.

நவம்பர் 10, 2024

வால்வு பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

வளைகுடாவில் நான் வேலை பார்த்த ஒரு தளத்தில், கமிஷனிங்குக்கு முன் சிலிண்டர்களைத் துடைப்பதற்காக எல்லா வால்வையும் கழற்றினார்கள். ராத்திரி ஷிஃப்டில் திரும்பப் போட்டார்கள். டிஸ்சார்ஜ் இடத்தில் ஒரு சக்ஷன் வால்வு உட்கார்ந்துவிட்டது. காலையில் நடந்து பார்த்த வயதான ஃபிட்டர் ஒருவர் கையில் ஒரு மரக்குச்சியோடு வந்தார். சிலிண்டர் சிலிண்டராகக் கவரைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு வால்வையும் குத்திப் பார்த்தார். எங்கள் சூப்பர்வைசருக்குக் கோபம், ஏற்கெனவே டார்க் ஏற்றிக் கையெழுத்துப் போட்ட வேலை. மூன்றாவது சிலிண்டரில் அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

அவர் செய்தது இதுதான். வெளிப்பக்கத்திலிருந்து, அதாவது கவர் பக்கத்திலிருந்து, குச்சியால் வால்வின் துளை வழியாகத் தட்டை அழுத்த வேண்டும். சக்ஷன் வால்வாக இருந்தால் தட்டு உள்ளே அசைந்து ஸ்பிரிங் திரும்பத் தள்ளும். டிஸ்சார்ஜ் வால்வு அந்தப் பக்கத்திலிருந்து அசையாது. கேஸ் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம்தான் தட்டு திறக்கும், அவ்வளவுதான். மரம் அல்லது பிளாஸ்டிக் குச்சி போதும், ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் குத்தினால் சீட்டில் கீறல் விழும்.

டிஸ்சார்ஜ் பாக்கெட்டில் சக்ஷன் வால்வு இருந்தால் உள்ளே போன கேஸுக்கு வெளியேற வழி குறைந்துவிடும். அந்த முனையில் அந்த ஒரு டிஸ்சார்ஜ் வால்வுதான் என்றால் வழியே இல்லை. பிஸ்டன் அதை அழுத்திக்கொண்டே போகும். ராட் வளையலாம், சிலிண்டர் ஹெட் போல்ட் அறுந்து பறக்கலாம். ரிலீஃப் வால்வு காப்பாற்றாது, அது வெளியே பைப்பில் இருக்கிறது. அந்தப் பெரியவரிடம் கற்றதை நான் போன ஒவ்வொரு தளத்திலும் செய்திருக்கிறேன், கையெழுத்து யார் போட்டிருந்தாலும் சரி.

நவம்பர் 11, 2024

டெல்டாவில் இப்போது மழை. மோட்டாரை மறந்துவிடாதீர்கள். ஸ்பேஸ் ஹீட்டர் வந்த நாளிலிருந்து ஓடுகிறதா? மெகர் (மோட்டார் சுருளின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) போட்டுப் பாருங்கள்: ஒரு நிமிட ரீடிங் 40 டிகிரிக்குத் திருத்தி 100 மெகாஓமுக்குக் கீழே இருந்தாலோ, பத்து நிமிட ரீடிங்குக்கும் ஒரு நிமிட ரீடிங்குக்கும் உள்ள விகிதம் 2க்குக் கீழே இருந்தாலோ முதலில் காய வையுங்கள். கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரைத் தனியாக ஓட்டி, சுற்றும் திசையைப் பாருங்கள். கப்ளிங் போட்ட பிறகு திசை பார்க்கலாம் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஃப்ரேமோடு சேர்ந்து சுற்றும் ஆயில் பம்ப் தலைகீழாகச் சுற்றினால் பேரிங்குக்கு ஆயில் கிடைக்காது.

நவம்பர் 13, 2024

ட்ரிப் டெஸ்ட். பேனலில் உட்கார்ந்து சிக்னலை மாற்றி "ட்ரிப் வருகிறது" என்று டிக் போடுவது கம்பி சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். கருவியிடமிருந்தே வர வேண்டும். ஸ்க்ரப்பர் ஹை லெவல் சுவிட்சுக்கு டிரெயின் வழியாகத் தண்ணீர் ஏற்றி ஃப்ளோட் உண்மையாகவே எழும்புகிறதா என்று பாருங்கள். கப்பலில் ஆடாமல் இருக்கக் கட்டிய கம்பி ஃப்ளோட்டில் அப்படியே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பேனலில் டெஸ்ட் செய்திருந்தால் அது பாஸ் ஆகியிருக்கும். தண்ணீரை முழுக்க வடித்து உலர்த்த மறக்காதீர்கள். திரவம் அழுந்தாது. சிலிண்டருக்குள் ஒரே மொத்தமாகத் தண்ணீர் போனால் ஏதோ ஒன்று உடைந்தே தீரும்.

ஆயில் பிரஷர் டிரான்ஸ்மிட்டரை ஐசொலேட் செய்து பிரஷரை மெதுவாக இறக்குங்கள். ஸ்டார்ட் ஆகும்போது அந்த ட்ரிப்பைக் கொஞ்ச நேரம் மறைத்து வைக்கும் டைமர் எத்தனை விநாடி என்று பாருங்கள். லூப்ரிகேட்டர் நோ-ஃப்ளோ சுவிட்ச், வைப்ரேஷன், டிஸ்சார்ஜ் டெம்பரேச்சர், எமர்ஜென்சி பட்டன்கள் எல்லாம் அப்படியே. டெஸ்டுக்காக ஜம்பர் (ஒரு ட்ரிப்பைத் தற்காலிகமாகத் தவிர்க்கும் கம்பி) போட்டால் யார் போட்டது, எப்போது எடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டில் ஒரு வரி மூடாமல் இருந்தால் ஸ்டார்ட் கிடையாது.

ரிலீஃப் வால்வுகளில் டெஸ்டுக்குப் போட்ட காக் ஸ்க்ரூ (வால்வு திறக்காமல் அழுத்திப் பிடிக்கும் திருகு) எடுத்தாச்சா? பேக்கிங் வென்ட், டிஸ்டன்ஸ் பீஸ் (சிலிண்டருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் இருக்கும் அறை) வென்ட் முனைகளில் கப்பலுக்காகப் போட்ட பிளாஸ்டிக் மூடிகள் இன்னும் இருக்கின்றனவா? வென்ட் அடைத்திருந்தால் பேக்கிங்கில் கசியும் கேஸ் கிராங்க்கேஸ் பக்கம் திரும்பும்.

நவம்பர் 14, 2024

நான் முதலில் எழுதிய ஸ்ட்ரெய்னர் பற்றி ஒருவர் மாற்றுக் கருத்து சொல்லியிருக்கிறார்: "நிரந்தரமாகவே விட்டுவிட்டால் என்ன, பாதுகாப்புதானே?" அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். சில பேக்கேஜ்களில் நிரந்தர ஸ்கிரீன் டிசைனிலேயே உண்டு, அதற்கேற்ற வலுவோடு செய்திருப்பார்கள். தற்காலிகக் கூம்பு அப்படிப்பட்டதல்ல. சக்ஷனில் துடிப்பு இருந்துகொண்டே இருக்கும், மெல்லிய வலை அதில் களைத்து உடையும். அதனால் சுத்தமாக வரும் வரை வைத்து, எடுத்துவிடுங்கள். நிரந்தரம் வேண்டுமென்றால் அதற்கென்று செய்ததைப் போடுங்கள். கூம்பின் கைப்பிடித் தகட்டை ஃபிளேஞ்சுக்கு வெளியே நீட்டி, சிவப்பு டேக் கட்டுங்கள், உள்ளே ஒன்று இருக்கிறது என்று அடுத்த ஷிஃப்டுக்குத் தெரிய வேண்டும்.

நவம்பர் 17, 2024

சர்வீஸ் ஆள் நாளை வருகிறார், செவ்வாய்க்கிழமை ஸ்டார்ட் என்று தம்பி எழுதியிருக்கிறார். அந்த நாளுக்கு மட்டும் சில வார்த்தைகள்.

பாரிங் கருவியை (ஷாஃப்ட்டைக் கையால் சுற்றப் போட்ட பார்) எடுத்துப் பூட்டி வைத்தது யார் என்று பெயரோடு தெரிய வேண்டும். ஸ்க்ரப்பர், பாட்டில் டிரெயின்களைத் திறந்து ஒரு சொட்டும் இல்லை என்று பாருங்கள். ப்ரீ-லூப் ஓடட்டும், லூப்ரிகேட்டரைக் கையால் இன்னொரு முறை அடியுங்கள். ரீசைக்கிள் முழுத் திறப்பு, லோடு இல்லாமல் ஸ்டார்ட். முதல் ஓட்டம் சில நிமிடங்கள்தான். உங்கள் கை எமர்ஜென்சி பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், கண் ஆயில் பிரஷரில், காது மெஷினில். மெஷினைச் சுற்றி வேடிக்கை பார்க்கும் கூட்டம் வேண்டாம், பத்துப் பேர் பேசினால் ஒரு தட்டல் சத்தம் காதில் விழாது.

நிறுத்தின உடனே கிராங்க்கேஸைத் திறக்காதீர்கள். சூடான ஆயில் ஆவியில் காற்று கலந்தால் வெடிக்கும், கையேடு சொல்லும் நேரம் வரை ஆறட்டும். லாக் போட்ட பிறகு திறந்து, பேரிங் கேப், கிராஸ்ஹெட், ராட் எல்லாவற்றின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே நில்லுங்கள். எல்லாம் சமமாக இருந்தால் அடுத்த ஓட்டம் இன்னும் கொஞ்சம் நீளமாக. அதற்கப்புறம்தான் லோடு, அதுவும் படிப்படியாக.

நவம்பர் 21, 2024

ஓடிவிட்டது! தம்பிக்கும் அவருடைய குழுவுக்கும் வாழ்த்துகள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஸ்ட்ரெய்னரில் கொஞ்சம் துருத்தூள் மட்டும் வந்தது என்கிறார், அடுத்த முறை திறக்கும்போது காலியாக இருந்தால் எடுத்துவிடலாம்.

அவருடைய புதுக் கேள்வி: கண்ட்ரோல் ரூமில் ட்ரெண்ட் பதிவாகிறதே, கையால் ரீடிங் எடுக்க வேண்டுமா? எடுங்கள். 24 மணி நேரம் ஓடியதும் நிறுத்தி ஆங்கர் போல்ட், வால்வு கவர், பைப் கிளாம்ப் எல்லாவற்றின் டார்க்கையும் சரிபார்த்து, மெஷின் சூடு ஆறுவதற்குள் அலைன்மெண்டையும் எடுங்கள். முதல் வாரத்தில் ஒரே லோடில் ஒவ்வொரு வால்வு கவரின் சூட்டையும் இன்ஃப்ராரெட் கன் வைத்துத் தனித்தனியாக எழுதுங்கள். ட்ரெண்டில் சிலிண்டருக்கு ஒரு டிஸ்சார்ஜ் டெம்பரேச்சர்தான் இருக்கும், எந்த வால்வு கசிகிறது என்று அது சொல்லாது. கசியும் வால்வின் கவர், நல்ல நிலையில் இருந்தபோது காட்டியதைவிடச் சூடாகக் காட்டும். அந்த நல்ல நிலை எத்தனை டிகிரி என்பது இந்த வாரம் எடுத்தால்தான் உண்டு. எழுதின தாளை லேமினேட் செய்து பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், தேதியும் சக்ஷன், டிஸ்சார்ஜ் பிரஷரும் அதிலேயே இருக்கட்டும்.